குறை சொல்லும் மேடை

அந்த மதப் பல்கலைக்கழகத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆய்வை முடித்த மாணவர் மேடையேறிப் பிரார்த்தனை சொன்னதும், தன் ஆய்வில் உள்ள குறையைத் தன் வாயாலேயே சொல்ல வேண்டும். கடவுள் முன்னால் மூடி மறைக்கக்கூடாதாம். நம் பிள்ளைகள் லேசுப்பட்டவர்களா? "நேரம் போதலைங்க" என்று ஆளாளுக்கு ஒப்பித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள்.

இன்று மேடையில் நின்றது பல்கலைக்கழக பஸ் டிரைவரின் மகள். பின்வரிசையில் அவர், தேய்த்த சீருடையில். இன்றோடு மகளுக்குப் பட்டம் நிச்சயம் என்று பஸ்ஸில் ஏறின அத்தனை பேரிடமும் தம்பட்டம் அடித்து வைத்திருந்தார் மனுஷன்.

"என் குறை..." மகள் கையிலிருந்த தாளை மடித்து வைத்தாள். "விடுதிக் குடிதண்ணி சுத்தமான்னு அளந்த கருவிய நான் சரிபார்க்கவே இல்ல. அது தப்பா காட்டுதுன்னு நேத்துதான் தெரிஞ்சுது. என் முடிவுல பாதி தப்பு."

அடிப்பாவி! டிரைவர் சீட்டு நுனிக்கு வந்துவிட்டார். நேரம் போதவில்லை என்று சொல்லித் தொலைத்தால்தான் என்ன?

முசுடு என்று பெயரெடுத்த தலைமைப் பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். "நீ சொல்லலைன்னா எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காதேம்மா."

"அந்தத் தண்ணியத்தான் சார் எல்லாரும் குடிக்கிறாங்க."

பேராசிரியர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "நேரம் போதல, நேரம் போதலன்னு கேட்டே காது புளிச்சுப்போச்சு. இன்னைக்குத்தான் ஒருத்தி குறை சொல்லியிருக்கா. மறுபடி அளந்துட்டு வா. ஆறு மாசம் தர்றேன். பட்டம் அப்புறம்தான்."

வெளியே வந்த மகளுக்குக் கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"அப்பா, எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருந்தீங்களே. உங்க மானத்த வாங்கிட்டேன்ல?"

"போடி பைத்தியக்காரி" என்றார். உச்சிமுதல் உள்ளங்கால்வரை பெருமையில் சிலிர்த்துப்போயிருந்தார். அதை எப்படிச் சொல்வதென்றுதான் தெரியவில்லை.

மாலை பஸ் நிரம்பி வழிந்தது. மகள் முன்சீட்டில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். விஷயம் தெரியாத ஒருத்தி படியில் ஏறும்போதே கேட்டுவிட்டாள்.

"டிரைவர் அண்ணே, பொண்ணு பட்டம் வாங்கியாச்சா?"

டிரைவர் திரும்பி, கடைசி சீட்டுக்கும் கேட்கும்படி சொன்னார்.

"இல்லம்மா! எம்பொண்ணு இன்னும் ஆறு மாசம் இங்கதான் படிக்கப்போறா. தப்புன்னு தெரிஞ்சதும் அவளே எந்திரிச்சு நின்னு சொல்லிட்டா!"

பிறகு கியரைப் போட்டார்.

"பாப்பா, நிமிர்ந்து உட்காரு."