ஹம்தான் பெயரில் என் ரத்தம்

சிறுநீரகம் தர ஆள் வந்து நிற்கும்போது வேண்டாம் என்கிற டாக்டரை என்ன செய்வது? எனக்கு அவரைக் கடித்துக் குதறலாம் போலிருந்தது.

என் இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. டயாலிசிஸில்தான் பிழைப்பு ஓடுகிறது. வாப்பா மவுத்தாகி மண்ணுக்குள் போய்விட்டார், உம்மாவுக்குச் சர்க்கரை; இருவரிடமும் சிறுநீரகம் வாங்க வழியில்லை. கடைசியில் பெரியம்மா சைதூன் பீவியின் மகன் ஹம்தான் துபாயிலிருந்து லீவு போட்டு வந்தான். "ரெண்டு இருக்குல்லா, ஒண்ணு எடுத்துக்கலே அஹ்சன்" என்றான். எல்லாப் பரிசோதனையும் சரியாக வந்தது. மேலகரத்தில் பிறந்தவன் என்றதும் டாக்டர், "அங்கே பிள்ளைகளைப் பிறந்ததிலிருந்தே தொடர்ந்து பரிசோதிக்கிறார்களே, அந்த ஆய்வில் நீங்களும் உண்டா?" என்று கேட்டார். இந்த மடையன் பெருமையாக உண்டு என்றான்.

ஆய்வுக்காரர்களிடமிருந்து பழைய விவரம் வந்தது. சின்ன வயதில் மூன்று முறை சிறுநீரில் புரதம் போயிருக்கிறது.

"இவருக்கும் கோளாறு இருந்திருக்கிறது. ஒன்றை எடுத்தால் நாளைக்கு இவரும் டயாலிசிஸுக்கு வருவார்" என்றார் டாக்டர்.

பெரியம்மா முகம் வெளுத்தது. எனக்கும் அப்போதுதான் உறைத்தது.

ஹம்தானுக்கு ஊசியைப் பார்த்தாலே மயக்கம் வரும். பிரசவத்தன்றே ஆய்வுக்காரர்களுக்கு வாக்குக் கொடுத்தாயிற்று, இனி எப்படி மறுப்பது என்று அப்போதெல்லாம் பெரியம்மா அவனுக்குப் பதில் என்னை அனுப்புவாள். அக்கா தங்கை பிள்ளைகள், ஒரே சாடை. பேர் கேட்டால் ஹம்தான் என்பேன். ஆய்வு முகாம் நடக்கும் குற்றாலத்து மண்டபத்தில் ரத்தமும் சிறுநீரும் கொடுத்துவிட்டு ஐந்தருவியில் ஆசைதீரக் குளித்து வருவேன்.

"சார், அது நான்! அது என் ரத்தம்!" என்று கத்தினேன்.

"கிட்னிக்காக இங்கே என்னென்னவோ சொல்வார்கள்" என்றார்.

பெரியம்மா கும்பிட்டாள். "அல்லாவுக்குப் பொதுவாச் சொல்லுதேன் சார், நாந்தான் ஆளை மாத்தி அனுப்புனேன்."

"அதுல ரத்த குரூப் இருக்கும்லா, பாருங்க சார். நான் ஓ, இவன் பி" என்றான் ஹம்தான்.

டாக்டர் கம்ப்யூட்டரில் தேடினார். பி பாசிட்டிவ் என்றிருந்தது. "அப்படியானால் இது இவர் ரத்தமில்லை. சரி, உறுப்பு மாற்றுக் கமிட்டியில் பேசுகிறேன்" என்றார். நான் வெட்கமில்லாமல் அழுதேன்.

உம்மா அழவில்லை. பெரியம்மா பக்கம் திரும்பினாள்.

"அக்கா, அப்பம், இவனுங்க சின்னப் பிள்ளையில, ஆய்வுக்காரங்க உன் வீட்டுக்கு வந்து, பிள்ளைய உடனே டாக்டர்ட்ட காட்டுங்கன்னு சொன்னாங்கல்லா?"

"ஆமா மாஜிதா. காட்டுனேன். ஒண்ணுமில்லைன்னுட்டாங்க."

"யாரைக் காட்டுனே?"

பெரியம்மா மெல்ல ஹம்தானைத் திரும்பிப் பார்த்தாள்.

"உன் பிள்ளையக் காட்டிட்டு நிம்மதியா வந்துட்டே. அவங்க காட்டச் சொன்னது என் பிள்ளையத்தானே அக்கா!"

அன்றைக்கே பார்த்திருந்தால் மாத்திரையிலேயே பல வருஷம் ஓட்டியிருக்கலாம் என்று டாக்டர் முணுமுணுத்தார். எனக்குப் பெரியம்மாவைக் கடித்துக் குதறலாம் போலிருந்தது.

அதற்குள் ஹம்தான் சட்டைக் கையை மேலே மடித்துவிட்டிருந்தான். இப்போதே ஊசி போடுவதுபோல் கண்ணை இறுக மூடிக்கொண்டான். "எப்பம் சார் அட்மிட் ஆகணும்?" என்றான்.

நான் பல்லைக் கடித்துக்கொண்டு பெரியம்மாவின் கையைப் பிடித்தேன்.