அஞ்சலாட்சி கணக்குத் தீர்க்கிறாள்

ஆத்மாவுக்கு அழிவில்லை என்ற விஷயம் இருபத்தைந்து நயா பைசா. பத்துப் பிரதியாக எடுத்தால் இரண்டு ரூபாய்க்குக் கிடைக்கும். பெரிய மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் பலராமனின் பருப்புக் கடையில், உளுந்து மூட்டைக்கும் மிளகாய் மூட்டைக்கும் நடுவே அந்தச் சின்னப் புத்தகங்கள் கட்டாக அடுக்கியிருக்கும். இனாமாகக் கொடுத்தால் அதில் வண்டு விழுந்திருக்குமோ என்று வாங்குகிறவன் சந்தேகப்படுவான் என்பது பலராமனுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அவன் வீட்டுக் கூடத்தில்தான் பிரம்மஞான சபையின் வாசிப்பு வட்டம் கூடும். வருகிறவர்கள் ஆறு பேர், மழை பெய்தால் நான்கு. பிரெஞ்சுக்காரர் காலத்தில் கோர்ட்டு குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற சக்கரபாணி ஒரு பக்கம் வாசிப்பார், பலராமன் அதை மண்டிக்காரனுக்குப் புரிகிற மாதிரி அவிழ்த்து வைப்பான். "ஒடம்புங்கறது கோணி. ஆத்மா சரக்கு. கோணி மாத்துறதுக்கு எவனாவது ஒப்பாரி வைப்பானா?" என்பான். எல்லோரும் தலையாட்டுவார்கள். உள்ளேயிருந்து காபி வரும்.

அறுபத்திரண்டாம் வருஷம் தை மாதக் கடைசியில் எட்டுக் கிரகங்கள் ஒரே ராசியில் கூடப்போவதாகவும் அதோடு உலகம் முடிந்துவிடும் என்றும் ஊரெல்லாம் பேச்சு. தெருவுக்குத் தெரு ஹோமப் புகை. கடன் கேட்டுப் போனால், "திங்கக்கிழம ஒலகம் இருந்தா வந்து வாங்கிக்க" என்றார்கள். பலராமனுக்கு இதில் சிரிப்பும் லாபமும் ஒன்றாகவே வந்தன. "ஒலகம் அழியப்போவுதுன்னு நம்புறவன் எதுக்குய்யா அரை மூட்டை தொவரம்பருப்பு வாங்கிப் போட்டுக்கறான்?" என்று கடையில் கேட்டான். கிரகம் கோணியைத் தொடலாம், சரக்கைத் தொட முடியாது என்று ஞாயிற்றுக்கிழமை கூட்டத்திலும் சொல்லிக் கைதட்டல் வாங்கினான்.

மறுநாள் டாக்டர் தேதி சொன்னார். அவன் மனைவி அஞ்சலாட்சியின் வயிற்றில் இருந்த கட்டியை எடுக்க பிப்ரவரி மூன்றாம் தேதி, சனிக்கிழமை காலை. எட்டுக் கிரகமும் கூடுகிற அதே நாள்.

அன்று முதல் பலராமனுக்குச் சோறு இறங்கவில்லை. பஞ்சாங்கத்தைக் கடைக்குக் கொண்டுபோய் மிளகாய் மூட்டைக்குப் பின்னால் வைத்துத் திருட்டுத்தனமாகப் பார்த்தான். தும்மல் வேறு வந்தது. தராசில் எடைக்கல்லை மாற்றிப் போட்டு ஒரு கிழவிக்குக் கால் கிலோ பருப்பைக் கூடுதலாகக் கொடுத்தனுப்பினான், அவன் பரம்பரையில் யாரும் செய்யாத காரியம். புதன்கிழமை மத்தியானம் கடையைப் பாதி சாத்திவிட்டு, மனைவிக்குத் தெரியாமல் டாக்டரைப் பார்க்கப் போனான். ஒரு வாரம் தள்ளிவைக்க முடியுமா என்று கேட்டான். ஏன் என்று அவர் கேட்டதற்குக் கடையில் சரக்கு இறங்குகிறது என்றான். டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். ஐயா என்பதற்குப் பதில் 'முசே' என்கிற பிரெஞ்சுக்காரர் காலத்துப் பழக்கம் அவரை இன்னும் விடவில்லை.

"இந்த வாரம் சரக்கு எறங்குதுன்னு சொன்னவங்க நீங்க ஏழாவது ஆளு, முசே. கிரகம் மூணு நாள்ல நகந்துடும். உங்க வீட்டம்மா வயித்துல இருக்கறது நகராது. சனிக்கெழமைய விட்டா நான் மாத்தலாகிப் போயிடுவேன். அடுத்த டாக்டர் எப்ப வருவார்னு எனக்கே தெரியாது."

வீட்டுக்குத் திரும்பியபோது அஞ்சலாட்சி வயிற்றை ஒரு கையால் அழுத்திக்கொண்டு, மறு கையில் ஒரு பித்தளைச் சொம்போடு படியிறங்கிக்கொண்டிருந்தாள்.

"இந்த வெயில்ல எங்க கெளம்பிட்ட?"

"பக்கத்து வீட்ல இருந்தாங்களே, செல்வாம்பா, அவங்க சொம்பு. ஒரு கல்யாண விருந்துக்குன்னு எரவல் வாங்கினது, எட்டு வருஷமா நம்ம வீட்லயே கெடக்குது. அவங்க இப்ப கருவடிக்குப்பத்துல இருக்காங்களாம்."

"அவளே மறந்திருப்பா."

"அவ மறந்தா கணக்கு மறந்துடுமா? நீங்கதான சொன்னீங்க."

எப்போது சொன்னோம் என்று யோசித்தான். மூன்று வாரத்துக்கு முன்னால் சொன்னதுதான். முன்பின் தெரியாத ஒருவரைப் பார்த்ததும் மனசு ஏன் ஒட்டிக்கொள்கிறது என்று சக்கரபாணி கேட்டதற்கு, அது பழைய பாக்கி என்று விளக்கியிருந்தான். கொடுக்கல் வாங்கல் முடியாதவர்கள்தான் பிறவிக்குப் பிறவி ஒருவர் வாசலில் ஒருவர் வந்து நிற்கிறார்கள், கணக்கு நேராகிவிட்டால் அப்புறம் யாரோ எவரோ என்று சொல்லியிருந்தான்.

"அதெல்லாம் நீ கேட்டுக்கிட்டா இருந்த?"

"காபி போடறவளுக்குக் காது இல்லியா?" என்றவள், இடுப்பிலிருந்து மடித்த நாட்காட்டித் தாள் ஒன்றை எடுத்து நீட்டினாள். அதன் பின்பக்கம் கோணல் எழுத்தில் ஒரு பட்டியல். தயிர்க்காரி, விட்டுப்போன மூணணா, குடுத்தாச்சு. ராஜாம்பாள், அவள் மருமகளைப் பற்றிச் சொன்ன பொய், ஒத்துக்கிட்டாச்சு. கன்னியப்பன் அண்ணன், ஏழு வருஷம் பேசாதது, பேசியாச்சு. ஒவ்வொன்றின் மேலும் ஒரு கோடு. கூடப்பிறந்த அண்ணன் வீட்டு வாசலில் போய் நின்று இவள் என்ன பேசியிருப்பாள் என்று அவனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. கடைசி வரியில் 'அவரு' என்று மட்டும் இருந்தது. எதிரே ஒன்றுமில்லை.

"பயமா இல்லியா அஞ்சல?"

"கோணி மாத்துறதுக்கு என்னா பயம்" என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை. அதுதான் அவனை என்னவோ செய்தது. அத்தனை வருஷம் அவன் வாயால் விற்ற சரக்கை, அவன் நாக்கு நுனியோடு நிறுத்திக்கொண்டதை, அவள் அடுப்படியில் நின்றபடி முழு விலை கொடுத்து வாங்கி வைத்திருந்தாள். அவள் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றான். எல்லோரிடமும் நேராக்கிக்கொண்டு போகிறவள், கடைசி வரியையும் நேராக்கிவிட்டால்? பிறகு எந்த ஊரில், எந்தப் பிறவியில், எந்தக் காரணத்துக்காக அவள் இவன் வாசலில் வந்து நிற்பாள்? இருபத்தைந்து நயா பைசா புத்தகத்தில் இதற்குப் பதில் இல்லை.

சனிக்கிழமை ஆஸ்பத்திரி வெறிச்சென்று கிடந்தது. கூடத்தில் எட்டுக் கட்டில்களில் ஏழு காலி. அவளை வண்டிக் கட்டிலில் படுக்கவைத்து வராந்தாவுக்குக் கொண்டுவந்தார்கள். கன்னியாஸ்திரி நர்ஸ் உள்ளே எதையோ எடுக்கப் போன நேரத்தில், அஞ்சலாட்சி போர்வைக்கு அடியிலிருந்து ஒரு சுருக்குப் பையை எடுத்தாள்.

"இருநூத்திப் பன்னண்டு. உங்க கல்லாவுலேர்ந்து எடுத்தது. பத்தொம்பது வருஷமா, அப்பப்ப ஒண்ணு ரெண்டா."

"திருடியையா கட்டிக்கிட்டேன் நான்?" என்று சிரிக்கப் பார்த்தான். பையை அவள் பக்கமே தள்ளினான். "வேணாம். நீயே வெச்சிரு."

"புடிங்க. அவங்க வந்துடுவாங்க."

"பாதி குடு. மீதிய வீட்டுக்கு வந்து குடு."

"வர்ற காச வேணாங்கற யாவாரிய இன்னிக்கித்தான் பாக்கறேன்."

"வட்டி எங்க? பத்தொம்பது வருஷத்துக்கு வட்டி போட்டுப் பாரு, இது பத்தாது. மொதல மட்டும் வாங்கிக்கிட்டுக் கணக்கு முடிக்க நான் என்னா ஏமாளியா?"

வாழ்நாளில் எத்தனையோ பேரம் பேசியிருக்கிறான். தனக்கு வரவேண்டியது வராமல் நிற்கவேண்டும் என்று அவன் பேசியது இதுதான் முதல் தடவை.

"வட்டிக்குத்தான் சோறு ஆக்கிப் போட்டேன்" என்றாள். அவன் உள்ளங்கையைப் பிரித்துப் பையை வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினாள். நாட்காட்டித் தாளை அவன் சட்டைப் பையில் செருகினாள். கன்னியாஸ்திரி வந்து கட்டிலைத் தள்ளினாள். சக்கரம் ஒன்று கிரீச்சிட்டுக்கொண்டே போயிற்று. கதவு மூடிக்கொண்டது.

பெஞ்சில் உட்கார்ந்தான். வெளியே ஏதோ கோயிலில் மணி அடித்தபடியே இருந்தது. கை சும்மா இருக்க மறுத்தது. பையை அவிழ்த்து எண்ண ஆரம்பித்தான். நைந்துபோன ஒற்றை ரூபாய்த் தாள்கள், இரண்டு ரூபாய்த் தாள்கள், கறுத்த நாணயங்கள், எல்லாவற்றிலும் பெருங்காய வாசனை. இருநூற்றுப் பதினொன்று வந்தது. விரலை எச்சில் தொட்டு மறுபடி எண்ணினான். இருநூற்றுப் பதினொன்று. பையைப் புரட்டி உதறினான், பெஞ்சுக்கு அடியில் குனிந்து பார்த்தான், வராந்தாவில் கட்டில் நின்ற இடம்வரை தரையைப் பார்த்துக்கொண்டே நடந்து திரும்பினான். பால்காரனிடம் அரை ஆழாக்கைக்கூட விட்டுக்கொடுக்காதவள். ரிக்‌ஷாக்காரனுக்கும் இவன்தான் கொடுத்தான். வலியில் எண்ணத் தவறிவிட்டாளா, அல்லது எண்ணித்தான் நிறுத்தினாளா? கேட்கலாம் என்றால் கதவு திறக்கவில்லை.

மூன்றாவது தடவை எண்ணி முடித்து, காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தான். நாட்காட்டித் தாளைத் தொடைமேல் விரித்துவைத்து, கடைசி வரிக்கு எதிரே எழுதினான்.

வரவு 211. பாக்கி 1.