இறங்கிப்போகும் நாற்காலி

கிட்டே வாருங்கள் கண்ணுகளா, காலை நீட்டி வசதியாக உட்காருங்கள். ஒரு நாள் செய்தியை நம்பி ஒரு மனிதர் பட்ட பாட்டைச் சொல்கிறேன். சிரிக்கலாம், அவர் காதில் விழாமல் சிரியுங்கள்.

எங்கள் தெருவில் முடிவெட்டுகிறவர் கடையில் இருப்பது ஒரே நாற்காலி. உட்கார்ந்தவரோடு சேர்ந்து அதுவும் மெல்ல இறங்கும். மீசைக்கு வரும்போது அவர் முட்டி போட்டுத்தான் வேலை செய்ய வேண்டும். புது நாற்காலிக்குச் சேர்த்த பணத்தை, மனைவியின் தம்பி பேச்சைக் கேட்டு, மின்விசிறி செய்யும் ஒரு கம்பெனியின் பங்கில் போட்டுவிட்டார். நான் சொல்லும் நாளில், சாயங்காலம் நாற்காலி வியாபாரி புது நாற்காலியோடு வருவதாக ஏற்பாடு. பங்கை விற்றதை போனில் காட்டினால் போதும், காசு பிறகு வரட்டும் என்று பேச்சு.

காலையிலேயே கடைத் தொலைக்காட்சியில், அந்தக் கம்பெனித் தலைவர் பதவி விலகினார் என்று ஓடியது. பங்கு விலை வழுக்கியது. முடிவெட்டுகிறவர் கடையிலேயே உட்கார்ந்திருந்த மச்சானிடம் திரும்பினார்.

“வித்துடவா மச்சான்?”

“பதறாதீங்க மாமா. மத்தியானம் எகிறும் பாருங்க.”

“போன வாரமும் இதைத்தான் சொன்னே.”

“அது போன வாரம்.”

மத்தியானம் வேறு செய்தி. தலைவர் விலகவில்லையாம், விடுமுறையில் போயிருக்கிறாராம். விலை துள்ளி ஏறியது. அந்நேரம் நாற்காலியில் தபால்காரர், முகத்தில் பாதி நுரையோடு.

“இப்ப வித்துடுங்க மாமா, சீக்கிரம்.”

விற்க போனில் கட்டைவிரலை வைக்க வேண்டும். பொழுதெல்லாம் தண்ணீரிலும் சோப்பிலும் ஊறிய விரலில் ரேகை ஏது? போன் அவரை முன்பின் பார்த்ததில்லை என்று சாதித்தது. துண்டில் துடைத்தார், பவுடர் போட்டார், ஊதினார்.

“வேற விரலை வைங்க.”

“எல்லா விரலும் ஒரே தண்ணியிலதாண்டா கெடந்துச்சு.”

“அப்ப ரகசிய நம்பரைப் போடுங்க.”

“நீதானே வச்சுக் கொடுத்தே. என்ன நம்பர்?”

மச்சான் கூரையைப் பார்த்தான். தோன்றியதையெல்லாம் போட்டுப் பார்த்தான். போன் கோபித்துக்கொண்டு பூட்டிக்கொண்டது.

“அண்ணே,” என்று கீழேயிருந்து தபால்காரர் குரல். “நான் தரைக்கு வந்துட்டேன். மிச்சப் பாதியை இங்கேயே முடிக்கிறீங்களா, இல்ல இப்படியே கடுதாசி கொடுக்கப் போகட்டுமா?”

போன் மனமிரங்கித் திறந்தபோது சந்தை மூடியிருந்தது. மூடுவதற்குச் சற்று முன் மூன்றாவது செய்தியும் வந்திருந்தது: தலைவர் விடுமுறையிலிருந்தபடியே விலகிவிட்டாராம். விலை காலையில் கிடந்ததற்கும் கீழே.

சாயங்காலம் வியாபாரி வந்து நாற்காலியை இறக்கினார். முடிவெட்டுகிறவர் கையைப் பிசைந்தார்.

“விக்க முடியலீங்க. மொத்தமும் அந்த மின்விசிறிக் கம்பெனியில மாட்டிக்கிச்சு.”

வியாபாரி புது நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

“அந்தக் கம்பெனியா? மத்தியானம் ஏறுதேன்னு நானும் கையில இருந்ததைப் பூராப் போட்டேங்க. உங்க காசு வந்தாத்தான் வண்டி வாடகையே.”

இருவரும் சேர்ந்து மச்சானைப் பார்த்தார்கள்.

“என்னை ஏன் பாக்குறீங்க? நானும்தான் போட்டிருக்கேன்.”

திருப்பி ஏற்றிப்போகவும் வழியில்லை. பிளாஸ்டிக் உறையோடு புது நாற்காலி கண்ணாடி முன்னால் நின்றது, பங்கு ஏறும்வரை யாரும் உட்காரக் கூடாது என்ற வியாபாரியின் கட்டளையோடு. பக்கத்தில் பழையது, மீசை திருத்த வந்த ஒருவரோடு, வழக்கம்போல் இறங்கிக்கொண்டிருந்தது. மூவரும் நின்றபடியே செய்தி பார்த்தார்கள். நாளை மழையாம்.

“அதையும் நாளைக்கு மாத்திச் சொல்லுவான்,” என்றபடி மீசைக்காக முட்டி போட்டார் முடிவெட்டுகிறவர்.

கண்ணுகளா, உங்கள் வீட்டை விட்டுப் போன காசு வழி தவறாமல் திரும்பி வரட்டும். அலுத்து வருகிறவர் சாய அங்கே ஓர் இடமும், சண்டை போட்டாலும் கூடவே சாப்பிட உட்காரும் சொந்தமும் என்றும் குறையாதிருக்கட்டும்.