வெனிலா ஊறல்

"வாசனையே இல்லாத சரக்கு ஏதாவது இருக்கா?" என்று அவள் கேட்டதும், மதுக்கடைக்காரர் கையிலிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். அந்தக் கடைக்கு அவள் வருவது முதல் தடவை அல்ல. ஆனால் இதற்குமுன் வந்ததெல்லாம் தம்பியைக் கூட்டிப்போவதற்காக. வாசலில் காத்து நின்றிருக்கிறாள், கெஞ்சியிருக்கிறாள், ஒருமுறை எல்லோரும் பார்க்கச் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துப் போயிருக்கிறாள். வாங்குவதற்கென்று வந்தது இன்றுதான். "கேக் செய்யறதுக்குங்க" என்றாள். உண்மையைத்தான் சொன்னாள், ஆனால் வாயைவிட்டு வெளியே வந்ததும் அது பச்சைப் பொய் மாதிரி ஒலித்தது. கடைக்காரர் ஓட்கா பாட்டில் ஒன்றை எடுத்துச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டே, "தம்பி எப்படி இருக்கார்?" என்று கேட்டார்.

"நிறுத்தி பதினோரு மாசமாச்சுங்க."

"அதான் ஆளையே காணோம். வராமலே இருக்கட்டும்மா" என்றார் அவர்.

அவளுக்கு வீட்டிலிருந்தே கேக் செய்துகொடுக்கும் தொழில். தெருவில் யார் வீட்டுப் பிறந்தநாளும் அவள் அடுப்பைத் தாண்டித்தான் போகும். கேக்கில் அவளுக்கு இருந்த ஒரே மனக்குறை வெனிலா. கடையில் கிடைக்கும் எஸென்ஸ் மூடியைத் திறந்தாலே இருமல் மருந்து ஞாபகம் வரும். போன வாரம் அவளுடைய வாடிக்கையாளரான பல் டாக்டரம்மா வெளியூர் போய்த் திரும்பியபோது, நீளமான கண்ணாடிக் குழாயில் பன்னிரண்டு வெனிலாக் காய்களைக் கொண்டுவந்து கொடுத்தார். கறுத்து, சுருங்கி, பழைய ஷூ லேஸ் மாதிரி இருந்தன. செய்முறையும் டாக்டரம்மா சொன்னதுதான். காயை நெடுக்காகக் கீறி ஓட்காவில் மூழ்கவைத்து, வெளிச்சம் படாத இடத்தில் ஆறு மாதம் விட்டுவிட வேண்டும், அவ்வப்போது குலுக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்' டாக்டரம்மாவுக்குச் சுலபம். அவர் வீட்டில் குடியை விட்ட தம்பி இல்லை.

எனவே காய் கீறியதும் ஊற்றியதும் கீழ்வீட்டுத் தையல்கார அம்மாவின் சமையலறையில் நடந்தது. ஜாடியின் மேல் தேதி எழுதிய சீட்டை ஒட்டி, துணிமூட்டைகளுக்குப் பின்னால் வைத்தார்கள். "திருட்டுக் கல்யாணம் பண்ணி வைக்கிற மாதிரி இருக்கு" என்று தையல்கார அம்மா சிரித்தாள். இவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

நாலே நாளில் குட்டு உடைந்தது. தம்பி லிஃப்ட் மெக்கானிக். மோட்டார் என்று எது ஓடினாலும் தெருவில் அவனைத்தான் கூப்பிடுவார்கள். தையல் மெஷின் மோட்டார் புகைகிறது என்று போனவன், ஸ்க்ரூ உருண்டு ஓடியதென்று மூட்டையை நகர்த்தியிருக்கிறான். சீட்டில் இருந்தது அக்காவின் கையெழுத்து. தேதி மட்டும்தான் என்றாலும், அந்த வளைந்த ஏழு வேறு யாருக்கும் வராது.

அவள் முட்டையை அடித்துக்கொண்டிருந்தபோது அவன் ஜாடியோடு உள்ளே வந்தான். இரண்டு கைகளாலும் தாங்கிப் பிடித்திருந்தான், தூங்கும் குழந்தையைக் கொண்டுவருகிறவன் மாதிரி.

"இது யார் வீட்டுதுக்கா?"

அவள் முட்டை அடிப்பதை நிறுத்தினாள்.

"நம்ம வீட்டுதுதானே. அப்ப நம்ம வீட்லயே இருக்கட்டும். அடுத்த வீட்ல ஒளிச்சு வச்சா எனக்குத்தான் அசிங்கம்."

"உனக்குக் கஷ்டமா இருக்குமேன்னுதான்டா…"

"கஷ்டம்தான்" என்றான் அவன். "அதுக்காக நீ எஸென்ஸே ஊத்திட்டு இருப்பியா காலம் பூரா?"

ஜாடி பாத்திர அலமாரியின் கடைசித் தட்டுக்குப் போனது. தினமும் காலையில் வேலைக்குக் கிளம்பும்முன் அவனே அதை எடுத்துக் குலுக்குவான். எண்ணி இருபது தடவை. பிறகு அதே இடத்தில் வைத்துவிட்டுச் செருப்பை மாட்டுவான். தண்ணீர் நிறத்தில் இருந்தது தேன் நிறமாகி, பிறகு டீயின் நிறத்துக்கு வந்தது. அவனைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பெருமையாக இருந்தது. ஆனால் பெருமைப்பட்ட அதே அக்காதான், ஜாடி வீட்டுக்கு வந்த முதல் நாளே, சீட்டுக்குப் பின்பக்கமாகக் கண்ணாடியில் பேனாவால் ஒரு கோடு போட்டாள். மட்டம் எதுவரை இருக்கிறது என்பதற்கு ஒரு கோடு. போட்ட பிறகு இரண்டு நாள் அவளுக்குச் சோறு சரியாக இறங்கவில்லை. ஆனாலும் அதை அழிக்கவில்லை.

மூன்றாவது வாரம் மட்டம் கோட்டுக்குக் கீழே இருந்தது. அதிகமில்லை, நூல் அளவு. அவள் ஜாடியைச் சாய்த்துப் பார்த்தாள், நேராக வைத்துப் பார்த்தாள், உட்கார்ந்து கண்ணைச் சமமாக வைத்தும் பார்த்தாள். நூல் அளவுதான். ஆனால் முன்பெல்லாம் எல்லாமே நூல் அளவில்தான் தொடங்கியிருக்கிறது. சாயங்காலம் அவன் குளிக்கப் போன நேரத்தில் அவன் அறைக்குள் நுழைந்து, ஜன்னலோரம் இருந்த டம்ளரை எடுத்து மூக்கருகே வைத்தாள். பின்னால் கதவு கிரீச்சிட்டது. தலையில் துண்டோடு அவன் நின்றுகொண்டிருந்தான்.

"என்ன வாசன வருது?"

"…டூத் பேஸ்ட்."

அவன் கத்தியிருந்தால் தேவலை என்றிருந்தது. நேராகப் போய் ஜாடியை எடுத்துவந்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான். "கோடு போட்டிருக்கன்னு எனக்கு அன்னிக்கே தெரியும். குலுக்கறவன் பாக்க மாட்டானா? இப்ப உள்ள பாரு. போடும்போது எப்படி இருந்துச்சு காய்?"

சுருங்கிக் கிடந்தவையெல்லாம் உப்பியிருந்தன. கீறல்கள் வாய் பிளந்து, கறுப்பு விதைகள் பொடிப்பொடியாக அடியில் இறங்கியிருந்தன.

"குடிச்சது இந்தப் பன்னெண்டு பேருதான். என்னைச் சந்தேகப்பட்ட, சரி. இவங்கள ஒரு வார்த்த கேட்டியா நீ?"

அவளுக்குச் சிரிப்புத்தான் முதலில் வந்தது. பாதியில் அது அழுகையாக மாறி, எதை நிறுத்துவதென்று தெரியாமல் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். அவன் தலைத்துண்டை எடுத்து அவள் மடியில் போட்டான். ஜாடியைப் பார்த்தபடியே பேசினான்.

"ஒண்ணு சொல்றேன். ரெண்டாவது வாரம் ஒருநாள் மூடியத் தெறந்தேன். நீ மாவு வாங்கப் போயிருந்த. மோந்துதான் பாத்தேன். மூடிட்டு நடக்க ஆரம்பிச்சவன் பாலத்தத் தாண்டிப் போயிட்டேன், கால் வலிச்சப்பறம்தான் நின்னேன். அதனால நீ கோடு போட்டது ஒண்ணும் தப்பில்ல. ஆனா அதத் தெறக்கற அன்னிக்கு நான் பக்கத்துல இருக்க மாட்டேன். அத நீ தப்பா நெனச்சுக்கக் கூடாது."

"நெனைக்க மாட்டேன்டா" என்றாள். கண்ணாடியிலிருந்த கோட்டை முந்தானையால் துடைக்கப் போனவளை அவன் தடுத்தான். "இருக்கட்டும். காய் எவ்வளவு குடிக்குதுன்னு தெரிய வேணாமா?"

ஆறு மாதம் முடிந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். ஜாடிக்குள் இருப்பது கருங்காப்பி நிறத்துக்கு வந்திருந்தது. அவன் துவைத்த துணி வாளியைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்குப் போய்க் கண்ணாடிக் கதவை இழுத்துச் சாத்தினான். "ம், தெற" என்று கதவுக்கு அந்தப்பக்கமிருந்து குரல் கொடுத்தான்.

மூடியைத் திருகினாள். முதலில் ஓட்காதான் மூக்கில் ஏறியது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு காத்திருந்தாள். பிறகு, மெதுவாக, அதற்கு அடியிலிருந்து இன்னொன்று வந்தது.

"எப்படி இருக்கு?"

"மரப்பெட்டியத் தெறந்த மாதிரி இருக்குடா. இல்ல, காய்ச்சின பாலு மாதிரி. கொழந்த தலையில ஒரு வாசன வருமே, அது மாதிரியும் இருக்கு."

"ஏதாவது ஒண்ணு சொல்லுக்கா. பெட்டிக்குள்ள பாலும் கொழந்தையுமா?"

மாவில் ஒரு கரண்டி விட்டாள். ஜாடியை இறுக்கி மூடி அலமாரியில் வைத்தாள். கரண்டியிலிருந்து வழிந்த ஒரு துளி மணிக்கட்டில் பட்டிருந்தது. குழாயடிக்குப் போனவள் தண்ணீரைத் திறக்காமல் நின்றாள். மணிக்கட்டை ஊதினாள். இன்னும் கொஞ்சம் ஊதினாள். முகர்ந்து பார்த்தபோது ஓட்கா பறந்துபோயிருந்தது, பெட்டியும் பாலும் மட்டும் தோலில் தங்கியிருந்தன. நிச்சயமாகத்தானா என்று மறுபடி முகர்ந்தாள்.

கண்ணாடிக்கு அப்பால் அவன் வாயில் ஒரு துணிக்கிளிப்பைக் கவ்வியபடி ஈரச் சட்டையை உதறிக்கொண்டிருந்தான். அவள் கதவை நாலு விரல் அகலத்துக்குத் திறந்து, அந்த மணிக்கட்டை மட்டும் வெளியே நீட்டினாள். அவன் கையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். வாயிலிருந்த கிளிப்பை எடுத்துச் சட்டையைக் கொடியில் மாட்டிவிட்டு, ஈர விரல்களைப் பனியனில் துடைத்துக்கொண்டான். முன்பக்கம் துடைத்தான், பின்பக்கம் துடைத்தான். சட்டையிலிருந்து சொட்டிய தண்ணீர் அவர்களுக்கு நடுவே தரையில் விழுந்துகொண்டிருந்தது. அவள் கையை எடுக்கவில்லை.