ஒரு கை குடுங்க

சேதராப்பட்டில் நான் வேலை பார்க்கும் கம்பெனியில் லாரியில் பெட்டி ஏற்றுகிறவர்கள் நாங்கள் ஆறு பேர். பெட்டிக்குள் பீங்கான் வாஷ்பேசின், எடை முப்பத்தைந்து கிலோ. பாரம் தூக்கும் முறை என்று சுவரில் ஒரு படம் மாட்டியிருக்கிறார்கள். முதுகை வளைக்காதே, முழங்காலை மடக்கு, கனமாக இருந்தால் துணைக்கு ஆள் கூப்பிடு. வீட்டிலிருந்து போட்டு வரும் சட்டையை அந்தப் படத்தின் ஆணியில்தான் நாங்கள் மாட்டுவோம். துணைக்கு யாராவது கூப்பிட்டால் எங்களில் ஒருவனான வெற்றிச்செல்வன், "ஏன், மாசமா இருக்கியா?" என்பான். அதனால் யாரும் கூப்பிடுவதில்லை.

போன மாதம் என் இடுப்பு பிடித்துக்கொண்டது. இன்னொரு தடவை இப்படி ஆனால் பாரம் தூக்குகிற வேலையையே விட்டுவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எனக்குத் தெரிந்தது அந்த ஒரு வேலைதான். சட்டைக்கு அடியில் பழுப்பு நிற இடுப்பு பெல்ட்டைக் கட்டிக்கொண்டு, வீட்டில்கூட முழுசாகச் சொல்லாமல் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை மீன் வாங்க வைத்திக்குப்பம் கடற்கரைக்குப் போனேன். என் வயதுதான் இருக்கும் ஒரு அம்மா, மீன் நிறைந்த அன்னக்கூடைக்குப் பக்கத்தில் தலையில் சும்மாடு வைத்து நின்றிருந்தார்.

"அண்ணா, ஒரு கை குடுங்க. தலைக்கு ஏத்தணும்."

மாட்டேன் என்று சொல்ல வெட்கம். காலை நட்டு வைத்துக்கொண்டு இடுப்பிலிருந்து குனிந்தேன். கூடையைத் தொடக்கூட இல்லை, அதற்குள் அவர் கையை நீட்டித் தடுத்துவிட்டார்.

"வுடுங்கண்ணா. உங்களுக்கு இடுப்பு வலி. குனியறதப் பாத்தாலே தெரியுது. சுலோச்சு, நீ வாடி."

ஒரு மாதமாக நான் மூடி மறைத்ததை அந்த அம்மா ஒரு பார்வையில் எடுத்து மணலில் வைத்துவிட்டார்.

சுலோச்சு வந்தார். கூடையை நடுவில் விட்டு இருவரும் காலை அகட்டி எதிரெதிரே குந்தினார்கள். முதுகு இரண்டும் நேராக இருந்தன. "ம்" என்றார் ஒருவர். அவ்வளவுதான். தொடைகள் எழுந்தன, கூடவே கூடையும் எழுந்தது. நெஞ்சு மட்டத்தில் ஒரு கணம் நின்று, அடுத்த "ம்"முக்குத் தலைக்கு ஏறியது. ஒரு சங்கரா மீன்கூட வழுக்கவில்லை.

அந்த அம்மா மணலில் நடந்தார். பின்னாலிருந்து யாரோ விலை கேட்டார்கள். கழுத்தைத் திருப்பவில்லை, இடுப்பை முறுக்கவில்லை. காலை மாற்றி வைத்து ஆள் முழுசாகத் திரும்பி விலை சொன்னார். நாங்கள் சட்டையால் மூடி வைத்த படம் முழுக்க என் முன்னால் நடந்து போனது.

பின்னாலேயே போய்க் கேட்டேன்.

"தனியா தூக்குனதே இல்லியாம்மா?"

"தனியா எதுக்குண்ணா தூக்கணும்? ஊர்ல ஆளா இல்ல?"

மீன் வாங்க வந்ததையும் மறந்து வீட்டுக்குப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

திங்கள்கிழமை முதல் லாரி. அடி வரிசைப் பெட்டிகளைத் தரையிலிருந்து எடுக்க வேண்டும். என் முறை வந்தது. குனிந்தால் போச்சு, கேட்டால் மானம் போச்சு. எதிரே வெற்றிச்செல்வன். பன்னிரண்டு வருடப் பிழைப்பு அந்தப் பெட்டியில் உட்கார்ந்திருந்தது. காலை அகட்டிக் குந்தினேன்.

"செல்வா, ஒரு கை குடு."

எல்லோரும் நின்றுவிட்டார்கள். 'மாசமா' வரும் என்று காத்திருந்தேன். அவன் வந்து எதிரில் குந்தினான். குந்தியபோது சட்டை மேலே ஏறியது. உள்ளே பெல்ட். அதே பழுப்பு நிறம்.

நான் பார்த்ததை அவன் பார்த்தான். சட்டையை இழுத்துவிடவில்லை.

"ம்" என்றேன். பெட்டி எழுந்தது. இரண்டு மாதக் குழந்தையைத் தூக்கியது போலத்தான் இருந்தது.

லாரிக்குள் அதைத் தள்ளிவிட்டு, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் செல்வன் சொன்னான்.

"நாலு மாசமாச்சு நாகராஜு. யாராவது ஒரு கை கேக்க மாட்டாங்களான்னு இருந்தேன்."