மாப்பிள்ளையோடு வந்த கருப்பட்டி

காயல்பட்டினத்தில் கல்யாணம் முடிந்தால் பெண் புருஷன் வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து சேருவார். சக்கீனாவின் ஒரே மகள் ஜஹ்ராவைக் கட்டிய ஸுஹைபும் அப்படித்தான் வந்தார். தூத்துக்குடித் துறைமுகத்தில் சரக்குக் கம்பெனி ஒன்றில் வேலை. நிக்காஹ் முடிந்த மூன்றாம் நாள் அவருடைய சாமான்கள் வேனில் வந்து இறங்கின. இரண்டு பெட்டி, ஒரு லேப்டாப், இஸ்திரி போட்ட சட்டைகள் ஒரு கட்டு, அப்புறம் போர்வை போர்த்திய ஒரு பெரிய கண்ணாடித் தொட்டி.

"மாப்பிள்ளை மீன் வளப்பாரோ?" என்று சக்கீனா மகளிடம் கேட்டாள்.

ஜஹ்ரா கண்ணைப் பார்க்காமல், "அந்த மாதிரிதான்," என்றாள்.

போர்வைக்குள் மீனுக்கு மூச்சு முட்டுமே என்று சக்கீனா அதை விலக்கினாள். உள்ளே தண்ணீர் இல்லை. பரப்பியிருந்த தேங்காய் நார்த்தூளின் மேல், பெருவிரல் தடிமனில், கருப்பட்டி நிறத்தில் ஒன்று சுருண்டு கிடந்தது. அது தலையைத் தூக்கி அவளைப் பார்த்தது. சக்கீனா அலறுவதற்காக வாயைத் திறந்தாள். அடுத்த அறையில் புது மாப்பிள்ளை இருப்பது சட்டென்று ஞாபகம் வர, முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு மாடிப்படி இறங்கி ஓடினாள்.

கீழே அவள் புருஷன் ஈஸா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். முப்பது வருஷம் ஷார்ஜாவில் உழைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருப்பவர். அவருக்கு விஷயம் முன்பே தெரிந்திருந்தது. அதற்காகவும் அன்று அவர் திட்டு வாங்கினார்.

"விஷம் கிடையாது சக்கீனா. போவான்னு சொல்லுதாவ, அமெரிக்கக் காட்டுப் பாம்பு. கவர்மெண்டுல பதிஞ்ச சீட்டு வச்சிருக்காரு."

"சீட்டு இருந்தா கடிக்காதோ?"

"மாப்பிள்ளையும் பாம்பும் சேந்து வந்திருக்கு. ஒண்ணை மட்டும் எப்படித் திருப்பி அனுப்ப?"

சக்கீனா அவர் கையிலிருந்த பேப்பரைப் பிடுங்கி மடித்து வைத்தாள். மாப்பிள்ளையிடம் நேரே கேட்கவும் முடியாது. அவரோடு அவள் நேருக்கு நேர் பேசுவதில்லை. பேசக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை, வெட்கம்தான். அவளுடைய உம்மாவும் ஈஸாவோடு கடைசிவரை கதவுக்குப் பின்னால் நின்றுதான் பேசினாள். அதனால் சக்கீனா அடுக்களையில் இருந்தபடி, "மாப்பிள்ளைக்கு இன்னும் ரெண்டு இடியாப்பம் வேணுமான்னு கேளு," என்பாள். நாலடி தள்ளி உட்கார்ந்திருக்கும் ஸுஹைப், "போதும்னு மாமிட்டச் சொல்லு," என்பார். நடுவில் ஜஹ்ரா சும்மா நிற்பாள். இரண்டு இடியாப்பமும் எப்படியும் தட்டுக்கு வந்துவிடும்.

பாம்புக்குக் கருப்பட்டி என்று பெயர் வைத்தது ஜஹ்ராதான். சக்கீனா அதை 'மாடியில கிடக்கது' என்று மட்டும் சொல்லி வந்தாள்.

நாலாவது மாதம் கம்பெனி ஸுஹைபைத் துபாய்க்கு மாற்றியது. ஜஹ்ராவையும் அழைத்துப் போகலாம், பாம்பைக் கொண்டுபோக முடியாது. தூத்துக்குடியில் ஒரு சிநேகிதர் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். புறப்படுவதற்கு முந்தின நாள் அவர் போன் பண்ணி, வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை என்று கையை விரித்துவிட்டார். ஸுஹைப் போனை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். முன்னால் இருந்த சாயா ஆறி ஏடு படிந்தது. கதவிடுக்கு வழியே அந்த முகத்தைப் பார்த்த சக்கீனாவுக்குப் பொறுக்கவில்லை.

"ஏளா ஜஹ்ரா, அது இங்கனயே கிடக்கட்டும்னு சொல்லு. நான் பாத்துக்கிடுதேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே புரிந்தது.

ஸுஹைப் அன்றே ஒரு முழுத் தாளில் எல்லாவற்றையும் எழுதித் தொட்டியில் ஒட்டினார். சூட்டுப் பட்டை எத்தனை டிகிரியில் இருக்க வேண்டும், ஈரம் குறைந்தால் எங்கே தண்ணீர் தெளிக்க வேண்டும், தோல் உரிக்கப் போகும்போது கண் எப்படிப் பால்போல மங்கும் என்றெல்லாம் இருந்தது. மொட்டைமாடி அறையில் தனியாக ஒரு சின்ன ஃப்ரீசர் வாங்கி வைத்து, அதில் உறையவைத்த எலிகளை அடுக்கினார். பன்னிரண்டு நாளைக்கு ஒரு சின்ன எலி, அதற்கு மேல் கொடுக்க வேண்டாம். இந்த வரியை மட்டும் மூன்று தடவை அடிக்கோடிட்டிருந்தார்.

அவர்கள் போய் ஒரு வாரம் வீடு வெறிச்சென்று கிடந்தது. எட்டாம் நாள் இரை போட வேண்டிய நாள். சக்கீனா எலியை வெந்நீரில் போட்டுச் சூடாக்கி, மூக்கைப் பொத்திக்கொண்டு, நீண்ட இடுக்கியில் பிடித்து, பரிமாறும் பழக்க தோஷத்தில் பிஸ்மி சொல்லித் தொட்டிக்குள் நீட்டினாள். ஈஸா நாற்காலி மேல் ஏறி நின்றார். கருப்பட்டி நாக்கை இரண்டு தடவை நீட்டியது. அடுத்த கணம் எலி இடுக்கியில் இல்லை. பாம்பு அதைச் சுற்றி மூன்று வளையம் போட்டிருந்தது. பிறகு அவசரமே இல்லாமல், தலைப்பக்கத்திலிருந்து விழுங்க ஆரம்பித்தது.

சக்கீனா தரையில் உட்கார்ந்து கடைசிவரை பார்த்தாள். எலியின் வால் உள்ளே போனதும், "அல்ஹம்துலில்லாஹ்," என்றாள். "பாவம், என்ன பசி பாத்தியளா!"

வினை அங்கேதான் தொடங்கியது. சக்கீனாவின் வீட்டில் 'போதும்' என்றவர் தட்டில்தான் இன்னொரு கரண்டி விழும். இவ்வளவு பெரிய வீட்டில், அதுவும் மாப்பிள்ளையின் பிராணி, பன்னிரண்டு நாள் பட்டினி கிடப்பதா? சம்பந்தி வீட்டில் கேள்விப்பட்டால் என்ன நினைப்பார்கள்? அவள் ஏழு நாளைக்கு ஒன்று கொடுத்தாள். பிறகு ஐந்து நாளைக்கு ஒன்று. பிறகு, ஒற்றையாகக் கொடுத்தால் கண்ணேறு படும் என்று தானே ஒரு காரணம் கண்டுபிடித்து, இரண்டிரண்டாகக் கொடுத்தாள். கருப்பட்டி ஒருநாளும் வேண்டாம் என்று சொல்லவில்லை. கண்ணெதிரே ஊதிப் பருத்தது. "நம்ம கைராசி," என்று சக்கீனா பூரித்துப்போனாள். இப்போது அதன் பெயர் அவள் வாயில் தாராளமாக வந்தது.

கல்யாணமான ஆறாவது மாதம் ஒரு காலையில் மாடிக்கு ஏறியபோது நாற்றம் முகத்தில் அடித்தது. முந்தாநாள் தின்ற இரண்டு எலிகளும் பாதி கரைந்து வெளியே கிடந்தன. வெறும் வயிறாக இருக்கிறதே என்று அன்றே இன்னொன்று கொடுத்தாள். அதுவும் வெளியே வந்தது. கருப்பட்டி மூலையில் துவண்டு கிடந்தது. கையில் எடுத்தபோது எப்போதும்போலச் சுற்றிப் பிடிக்காமல் ஈரத்துணி மாதிரி தொங்கியது.

சக்கீனா அதை ஒரு தலையணை உறைக்குள் விட்டு, வாயைக் கட்டி, கூடையில் வைத்து மடியில் எடுத்துக்கொண்டாள். ஈஸா காரை எடுத்தார். உப்பளங்களைத் தாண்டித் தூத்துக்குடி போய்ச் சேரும்வரை அவள் ஓதிக்கொண்டே வந்தாள்.

மில்லர்புரத்தில் கால்நடை டாக்டர் ஜெபகனியின் கிளினிக். ஸுஹைப் கருப்பட்டியைக் காட்டிக்கொண்டிருந்ததும் அவளிடம்தான். முப்பத்தைந்து வயதுக்காரி. நாய்க்குட்டியைத் தூக்குவதுபோலப் பாம்பைத் தூக்கி மேசையில் போட்டுத் தடவிப் பார்த்தாள். வாயைத் திறந்து பார்த்தாள். எச்சத்தைச் சோதித்தாள்.

"புழு இல்ல, சளி இல்ல. அக்கா, இதுக்கு யாரு இரை போடுதா?"

"நான்தான்."

"எத்தனை நாளைக்கு ஒருக்கா?"

சக்கீனா ஈஸாவைப் பார்த்தாள். ஈஸா சுவரில் மாட்டியிருந்த மாட்டுப் படத்தைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் அவள் உண்மையைச் சொன்னாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

ஜெபகனி திட்டவில்லை. சக்கீனாவின் கையைப் பிடித்துப் பாம்பின் முதுகில் வைத்தாள். "இங்க தொட்டுப் பாருங்க. பாம்பு உடம்பு பேக்கரி ரொட்டி மாதிரி இருக்கணும். பக்கம் ரெண்டும் நேரா, மேல லேசா வளைஞ்சு. இது பூரிக்கட்டை மாதிரி உருண்டு கிடக்கு. முழுக்கக் கொழுப்பு. பட்டினி போட்டு யாரும் என்கிட்ட பாம்பைக் கொண்டு வந்ததில்ல அக்கா, எல்லாரும் பிரியத்துல ஊட்டித்தான் கெடுத்துக் கொண்டு வாராங்க."

"இனிமே என்ன செய்ய?"

"மூணு வாரம் தண்ணி மட்டும். ஒண்ணும் குடுக்கக் கூடாது. அப்புறம் பாதி அளவு எலி ஒண்ணு. வாந்தி எடுக்கலைன்னா ரெண்டு வாரம் கழிச்சு அடுத்தது. நல்லா வளந்தபிறகு மாசத்துக்கு ஒண்ணு போதும்."

"மாசத்துக்கு ஒண்ணா!" சக்கீனா நெஞ்சில் கை வைத்தாள்.

"இந்த மூணு வாரம் அதுக்கு நோம்புன்னு நினைச்சுக்கிடுங்க," என்றாள் ஜெபகனி.

வீட்டுக்கு வந்ததும் சக்கீனா துபாய்க்குப் போன் போட்டாள். ஜஹ்ரா எடுத்தாள்.

"மாப்பிள்ளைகிட்ட போனைக் குடு."

"என்னம்மா? சொல்லுங்க, நான் சொல்லிக்கிடுதேன்."

"தப்புப் பண்ணினது நான். நான்தான் சொல்லணும்."

மறுமுனையில் போன் கை மாறியது. பிறகு, "மாமி?" என்று ஒரு தயங்கிய குரல். சக்கீனா கண்ணை மூடிக்கொண்டு, ஒரே மூச்சில், ஐந்து நாள் கணக்கையும் இரட்டை எலியையும் வாந்தியையும் கொட்டித் தீர்த்தாள். மறுமுனையில் விம்முவதுபோல ஒரு சத்தம் மட்டும் கேட்டது. மாப்பிள்ளையை அழவைத்துவிட்டோமே என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

ஸுஹைப் சிரித்துக்கொண்டிருந்தார். "நான் வாங்கின முதல் மாசம் இதே வேலையைத்தான் பாத்தேன் மாமி. ஜெபகனி டாக்டர் என்னை ஏசின ஏச்சு இருக்கே! அதுக்குப் பிறகுதான் அந்த மூணு கோடு." பிறகு குரல் மாறியது. "இப்பம் எப்படிக் கிடக்கு? தண்ணி குடிச்சுதா? நீங்க அழுதியளோ?"

அந்தப் பேச்சு முக்கால் மணி நேரம் ஓடியது. ஈஸா தானே சாயா போட்டுக் கொண்டுவந்து வைத்தபோதுதான் சக்கீனாவுக்கு நேரம் போனது தெரிந்தது.

மூன்று வாரமும் அவள் கருப்பட்டிக்குத் தண்ணீர் மாற்றினாள், சூடு பார்த்தாள், ஃப்ரீசர் சாவியை ஈஸாவிடம் கொடுத்து, தானே கேட்டாலும் தரக் கூடாது என்று சொல்லி வைத்தாள். இருபத்திரண்டாம் நாள் சுண்டுவிரல் அளவு எலி ஒன்று கொடுத்தாள். ஒரு நாள் போயிற்று. இரண்டு நாள் போயிற்று. ஐந்தாம் நாள் காலையில் கருப்பட்டி தொட்டிக்குள் இருந்த சின்னக் கிளையில் ஏறி, சுற்றிப் பிடித்து, தலையை நிமிர்த்தி வைத்திருந்தது. சக்கீனா அன்று பெரிய சட்டியில் இனிப்புத் தம்மடை சுட்டு, பெண்கள் நடமாடும் முடுக்குச் சந்து வழியே பத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாள். என்ன விசேஷம் என்று கேட்டவர்களுக்கு, "வீட்டுல ஒரு நல்ல காரியம்," என்று பதில் போயிற்று.

ஒரு மணி நேரத்தில் பக்கத்து வீட்டு ஷஃபீகா மூச்சிரைக்க ஓடி வந்தாள். பாம்பு இருக்கிற வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்று ஆறு மாதமாக வைராக்கியமாக இருந்தவள்.

"மாஷா அல்லாஹ்! ஜஹ்ராவுக்கு எத்தனை மாசம்?"

"ஜஹ்ராவுக்கு ஒண்ணுமில்ல. கருப்பட்டிக்கு வாந்தி நின்னுட்டு."

ஷஃபீகா அவளை முறைத்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்து இருமல் வந்து, தண்ணீர் குடித்து, "சரி, அந்த மகாராணியைக் காட்டு, பாப்போம்," என்று மாடியேறினாள்.

அதன்பின் கருப்பட்டி நிதானமாக வளர்ந்தது. இரண்டாம் வருஷம் நாலடி. ஜெபகனி மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து முதுகைத் தடவிப் பார்த்து, "ரொட்டி," என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டுப் போவாள். கண்ணாடித் தொட்டி பற்றாமல் போனபோது ஈஸா ஒருவழியாக ஒரு வேலை கிடைத்த உற்சாகத்தில் ஆசாரியைக் கூட்டி வந்து, எட்டடி நீளத்துக்கு மரத்தில் ஒரு கூண்டு செய்வித்தார். உள்ளே ஏறுவதற்குப் பூவரசங் கிளை, முங்கிக் கிடக்க ஒரு தண்ணீர்த் தொட்டி, காற்றுக்கு ஓட்டைகள். தினமும் நாலு தடவை போய் ஆணிகளைத் தட்டிப் பார்த்தார். தோல் உரியும் நாளில் முடுக்கு வழியே ஆறேழு பெண்கள் வந்து கூடுவார்கள். ஒரு கிழிசல் இல்லாமல் தலைமுதல் வால்வரை காலுறைபோலக் கழன்று, உள்ளிருந்து புதுக் கருப்பட்டி பளபளத்து வெளிவரும்போது ஷஃபீகாதான் முதலில் கைதட்டுவாள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் துபாயிலிருந்து போன் வந்துவிடும். கருப்பட்டியில் ஆரம்பித்து, ஆபீஸ் மேனேஜர், முட்டி வலி, மீன் விலை என்று பேச்சு எங்கெங்கோ போகும். "எங்கிட்ட ரெண்டு வார்த்தைதான் பேசுதாரு, ஒங்ககிட்ட ரெண்டு மணி நேரம்," என்று ஜஹ்ரா அலுத்துக்கொள்வாள். சக்கீனாவுக்கு உள்ளுக்குள் குளிரும்.

நாலாவது வருஷம் தையில் ஸுஹைபுக்குத் தூத்துக்குடிக்கே மாற்றல் கிடைத்தது. வந்து இறங்கிய அன்று, பெட்டியைக்கூடப் பிரிக்காமல் மாடிக்கு ஏறினார். கூண்டுக்குள் அவர் கெண்டைக்கால் தடிமனில், செம்பழுப்புப் பட்டைகள் மின்ன, கருப்பட்டி கிளையிலிருந்து மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. அவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"வாங்க, கிட்ட வாங்க. பெருசாயிட்டுன்னு பயப்படுதியளோ?" என்றாள் சக்கீனா. "ஒரு கையால தூக்கக் கூடாது. நடுவுல ஒரு கை, பின்னால ஒரு கை. அவசரப்படாதீங்க, அதுவே வந்து சாஞ்சுக்கிடும்."

ஸுஹைப் அவள் சொன்னபடியே செய்தார். பாம்பு அவர் தோளில் ஏறிப் படர்ந்தது. கனம் தாங்காமல் அவர் பாயில் உட்கார்ந்தார். ஈஸா டேப்பைக் கொண்டுவந்தார். ஜஹ்ரா வால்பக்கம் பிடித்தாள். மூன்று தடவை அளந்ததில் மூன்று அளவு வந்தது. கடைசியில் ஆறே முக்கால் அடி என்று எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள்.

"டாக்டர் போன வாரம் பாத்துட்டுப் போனா. இதுதான் வளந்த போவாவுக்கு லட்சணம், இனிமே பெருசா நீளாதுன்னா," என்று சக்கீனா சொன்னாள். குரலில் இருந்த பெருமையை அவள் மறைக்கவில்லை.

ஸுஹைப் கருப்பட்டியின் முதுகை மெதுவாகத் தடவினார். "மாமி, பதிவுச் சீட்டை உங்க பேருக்கு மாத்திரலாமா? வளத்தது நீங்கதானே."

"எதுக்கு? எல்லாரும் ஒரே வீட்டுலதான இருக்கப் போறோம்," என்றாள் சக்கீனா, அவர் முகத்தைப் பார்த்தே. "எந்தப் பேருல இருந்தா என்ன?"

கருப்பட்டி அவர் தோளிலிருந்து வழுக்கி இறங்கி, பாயைக் கடந்து, டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்த ஈஸாவின் மடியில் தலையை வைத்தது. பிறகு மீதி உடம்பையும் ஒவ்வொரு முழமாக இழுத்துக்கொண்டு வந்து அங்கேயே சுருள ஆரம்பித்தது.

"சக்கீனா," என்றார் ஈஸா அசையாமல். "இது எப்பம் எந்திரிக்கும்?"

"அதுக்குத் தோணும்போது எந்திரிக்கும். சும்மா இருங்க, தூங்கட்டும்."

ஜஹ்ரா சிரிப்பை அடக்க முடியாமல் போனை எடுத்துப் படம் பிடித்தாள்.