புகை காட்டிய துப்பாக்கி

எந்தக் குளிர்காலம் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. தூர வடக்கே ஒலெக்மா ஆற்றங்கரைக் காட்டில் எச்சில் துப்பினால் தரையில் விழுவதற்குள் உறைந்த வருஷம் என்று நினைக்கிறேன். வேட்டைக்காரன் சவேலியின் வாயிலிருந்தும் அவன் மனைவி உஸ்தின்யாவின் வாயிலிருந்தும் தனித்தனியே கேட்டது இது. யார் எதைச் சொன்னார்கள் என்பது இப்போது கலந்துபோய்விட்டது.

சவேலியின் நாய் ஒரு சேபிளை, அந்தக் கருந்தோல் மரநாயை, மரத்தில் ஏற்றிவிட்டுக் குரைத்துக்கொண்டிருந்தது. சவேலி கையுறையைக் கழற்றி, சின்னத் துப்பாக்கியை உயர்த்தி விசையை இழுத்தான். டிக் என்றது. வெடிக்கவில்லை. மறுபடியும் டிக். சேபிள் கிளை தாவிப் போய்விட்டது. நாய் திரும்பி அவனைப் பார்த்தது.

தோட்டாவை வெளியே எடுத்தான். விளிம்பில் நகம் பட்டதுபோல் ஒரு கீறல். இந்தத் தோட்டாவுக்கு விளிம்பில்தான் அடி விழ வேண்டும், பலமாக விழ வேண்டும். பனிக்கு முன்னால் போட்ட எண்ணெய் குளிரில் மெழுகாகி, தோட்டாவை அடிக்கும் ஊசியைப் பிடித்துக்கொண்டிருந்தது. எண்ணெய் போட்டவனும் அவன்தான், துடைக்க மறந்தவனும் அவன்தான்.

கூடாரத்தில் உஸ்தின்யா இறைச்சி வேகவைத்துக்கொண்டிருந்தாள். அவள் தம்பி மகார் பனிச்சறுக்கு மட்டைக்கு வார் தைத்துக்கொண்டிருந்தான்.

“வெறுங்கையா மாமா? நாய் குரைச்சது இங்க வரைக்கும் கேட்டுச்சே. மரத்தைச் சுட்டீங்களோ?”

உஸ்தின்யா சிரித்துவிட்டாள். சவேலி அவள் பக்கம் திரும்பினான்.

“துப்பாக்கியைத் தாண்டினியா?”

பெண் தாண்டிய துப்பாக்கி சுடாது என்பார்கள். செங்கிரே என்னும் காட்டுச்செடியின் புகை காட்டித்தான் அந்தத் தீட்டைக் கழிக்க வேண்டும்.

“வெளிய மரத்துல தொங்குறதை எப்படிய்யா தாண்டுவேன்? எனக்கென்ன றெக்கையா? நீ போட்ட எண்ணெயைப் போய்க் கேளு.”

அவன் வெளியே போய், யாருக்கும் தெரியாமல், ஊசியை மண்ணெண்ணெயில் கழுவினான். அத்தோடு தீர்ந்திருக்கும். ஆனால் பழி போட்டாகிவிட்டது. கழிக்காமல் விட்டால் அவள் சொன்னது சரியென்று ஆகிவிடும். துப்பாக்கியை உள்ளே கொண்டுவந்து அடுப்பில் செங்கிரேயைப் போட்டான்.

“புகை காட்டணும்னா வெளிய காட்டு” என்றாள். “சூட்டுல இரும்பு வேர்க்கும். வெளிய போனதும் உள்ளுக்குள்ளயே உறைஞ்சு போகும்.”

“வீட்டு அடுப்புப் புகைதான் ஆகும். வாயை மூடு.”

இரும்பு வேர்க்கும் என்பது அவனுக்கும் தெரியும். அதனால்தான் குளிர்காலத்தில் துப்பாக்கியை யாரும் உள்ளே கொண்டுவருவதில்லை. ஆனால் அதை முதலில் அவள் சொல்லிவிட்டாள்.

மறுநாளும் டிக். திரும்பி வந்து மறுபடி புகை காட்டினான். அதற்கடுத்த நாளும் அதேதான். துப்பாக்கி இருந்த பக்கம் அவள் நடக்கக் கூடாது என்றான். அவள் தொட்ட தோட்டாப் பையை வாங்கிப் பனியில் எறிந்தான்.

மகார்தான் கேட்டான். “மாமா, ஒரே ஒரு நாள் புகை காட்டாமப் போய்ப் பாருங்களேன்.”

“ஒரு நாள் அவ இல்லாமப் போய்ப் பாக்குறேன்.”

  

உஸ்தின்யா எழுந்து, வண்டி இழுக்கும் கலைமானின் வார்ப்பட்டையை எடுத்தாள்.

“நான் போனதும் சுடும் பாரு. அதுக்கப்புறம் நான் என்ன சொன்னாலும் எடுபடாது.”

தம்பியும் அவளோடு கிளம்பினான். சறுக்குவண்டி மரங்களுக்குள் மறையும்வரை சவேலி நின்றான். கூப்பிடவில்லை.

அவள் போனபின் கழிக்க ஒன்றும் இல்லை. துப்பாக்கி வெளியே, குளிரிலேயே தொங்கியது. அதற்குள் உறைந்திருந்த ஈரம் உலர்ந்து உதிர்ந்தது. நாய் மரமேற்றிய அடுத்த சேபிள் ஒரே வெடியில் விழுந்தது. பனியில் கிடந்த அதைக் குனிந்து எடுக்காமல் சவேலி வெகுநேரம் நின்றான். அவள் சொன்னதுதான் சரியோ என்ற எண்ணம் அவனுக்குள் தலைதூக்கப் பார்த்தது. அவன் விடவில்லை. “பாத்தியா, அவதான்” என்று நாயிடம் சொன்னான். பிறகு ஊர் முழுக்கச் சொன்னான்.

சவேலி தனியாகவே வேட்டையாடினான். நிறையத் தோல் கொண்டுவந்தான். மகார் காட்டை விட்டுச் சுரங்கத்துக்கு லாரி ஓட்டப் போனான். உஸ்தின்யா ஊர்ப் பள்ளிக்கூடத்தைச் சூடேற்றும் கொதிகலன் அறையில் வேலை பார்த்தாள். எந்த வேட்டைக்காரனும் அவளைத் தன் கூடாரத்துக்கு அழைக்கவில்லை.